மனித இனம் இரண்டு பேரில் தொடங்கவில்லை என்றால் சென்மப் பாவத்தை எப்படிக் கற்பிப்பது?

கனகராயன்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு எங்கள் பங்கில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் கற்பிக்கிறேன். இரண்டு வகுப்புகளிலும் இருக்கும் மாணவி ஒருவர் சென்ற ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று கேட்ட கேள்விக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. "சேர், மனித இனம் எந்தக் காலத்திலும் இரண்டு பேராகக் குறுகியதில்லை என்று வெள்ளிக்கிழமை சொன்னீர்கள். ஆதாம் ஏவாளிடமிருந்து பாவம் எங்கள் எல்லாருக்கும் வந்தது என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள். எந்த வகுப்பில் நீங்கள் உண்மை சொல்கிறீர்கள்?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கேட்ட பிள்ளை சிரிக்கவில்லை. அடுத்த கிழமை பதில் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்துவிட்டேன்.

"அது விஞ்ஞானம், இது விசுவாசம், இரண்டையும் குழப்பாதே" என்று சொல்லித் தப்பிக்கும் வழி எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் எனக்குக் கிடைத்த விடையும் அதுதான். அதையே இந்தப் பிள்ளைக்கும் கொடுக்க மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் கேள்வி இரண்டு துறைகளும் ஒரே இடத்தில் காலூன்றுவதைப் பற்றியது. மொரோக்கோவின் ஜெபல் இரூதில் கிடைத்த உயிர்ச்சுவடுகள் நம் இனத்தின் தொடக்கத்தை ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோகின்றன. இன்று வாழும் மனிதரின் பரம்பரையலகுகளில் காணப்படும் பல்வகைமையைப் பார்த்தால், அதைச் சுமந்து வந்த குடித்தொகை எப்போதும் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். இவை தூரத்துச் செய்திகளும் அல்ல. புவியியலாளர் நம் இரணைமடுக் குளத்தின் பெயரையே சூட்டிய செம்மண், சரளைப் படிவுகளிலிருந்து கற்கருவிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. தெற்கே பாஹியன்கல குகையில் 40,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வின் தடயங்கள் இருக்கின்றன. குளக்கட்டில் நின்று இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு நாட்கள் கழித்துக் கோவில் மண்டபத்தில் ஏதேன் தோட்டத்தைப் பற்றி வேறொரு மனிதனைப் போலப் பேச முடியாது.

எனக்கு இன்னும் ஒரு நெருடல் உண்டு. அது விஞ்ஞானத்திலிருந்து வந்தது அன்று. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்கிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். அப்படியிருக்க, ஒருவர் செய்த குற்றம் பிறப்பின் வழியாக இன்னொருவரை வந்து சேர்வது எப்படி நீதியாகும்? படித்தவர்கள், சிந்தித்தவர்கள் உதவ வேண்டும்.

மடுவீதி எழுதியது:

ஆசிரியர் ஐயா, நான் சில ஆண்டுகள் குருமடத்தில் படித்துப் பின் வெளியேறியவன். மறைமாவட்டத்தின் பெயரால் பேசவில்லை. படித்ததையும் அதன்பின் யோசித்ததையும் எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் முதியவர்கள் 'சென்மப் பாவம்' என்றுதான் சொல்வார்கள். சென்மப் பாவமில்லாமல் உற்பவித்த மாதாவே என்று மன்றாடி வளர்ந்தவர்கள் அவர்கள். பிற்கால நூல்கள் 'பிறப்புநிலைப் பாவம்' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லின் நடுவில் உள்ள 'நிலை' என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் கேள்வியின் பாதிக்கு விடை அங்கே இருக்கிறது. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இதைத் தெளிவாகச் சொல்கிறது: இது நாம் செய்த பாவம் அன்று, நம்மை வந்தடைந்த ஒன்று, இது செயல் அன்று, ஒரு நிலை, பாவம் என்ற சொல்லே இங்கு ஒப்புமைப் பொருளில்தான் வழங்குகிறது. ஆதாமின் வழிவந்த எவரிடத்திலும் இது தனிப்பட்ட குற்றமாக எண்ணப்படுவதில்லை என்றும் அந்நூல் கூறுகிறது. ஆகவே எசேக்கியேல் மறுத்ததைத் திருச்சபை போதிக்கவில்லை. நம்மில் பலர் அதைப் போதித்துவிட்டோம் என்பது வேறு விடயம்.

அது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் வட ஆபிரிக்காவுக்குப் போக வேண்டும். உரோமையருக்கு எழுதிய திருமுகம் 5:12 இல் பவுல் கிரேக்கத்தில் எழுதிய ஒரு சிறு தொடரை, அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தீன் படித்த இலத்தீன் மொழிபெயர்ப்பு 'அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று பொருள்படும்படி தந்திருந்தது. அகுஸ்தீன் அந்த 'அவன்' ஆதாமே என்று கொண்டார். இன்று பெரும்பாலான அறிஞர் அத்தொடரை 'எல்லாரும் பாவம் செய்தபடியால்' என்று வாசிக்கிறார்கள். நம் கையிலுள்ள தமிழ் வேதாகமங்களும் அப்படியே சொல்கின்றன. கிரேக்கத்திலேயே பவுலைப் படித்த கீழைத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து நாம் பெறுவது சாவும் பலவீனமுமே தவிரக் குற்றம் அன்று என்று இன்றுவரை போதித்து வருகின்றன. இதனால் அகுஸ்தீனின் போதனை முழுவதும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் எழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை; அப்படிச் சொல்பவர்கள் அவரைப் படித்ததில்லை. பெலாஜியுஸ் என்பவர், மனிதன் தன் முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்றும் ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி மட்டுமே என்றும் கூறியபோது, அருள் இல்லாமல் எவரும் எழுந்து நிற்க முடியாது என்று அகுஸ்தீன் எதிர்த்து நின்றார். தன் நெஞ்சைத் தானே ஆராய்ந்து பார்த்தவர் சொன்ன உண்மை அது. 418 இல் கார்த்தேஜ் சங்கமும் 529 இல் ஒராஞ்சுச் சங்கமும் அந்த உண்மையைக் காத்தன. 1546 இல் திரெந்துப் பொதுச்சங்கம் இது பின்பற்றலால் அன்று, வழித்தோன்றலால் வருகிறது என்று அறுதியிட்டது. அகுஸ்தீன் அதோடு நில்லாமல், இது கருவுறுதலோடு கூடிய இச்சையின் வழியே கடத்தப்படுகிறது என்று விளக்க முயன்றார். பாவத்தை ஒரு பரம்பரை நோய்போல நினைக்கும் பழக்கம் அந்த விளக்கத்திலிருந்து வந்தது. போதனை வேறு, அது எப்படிக் கடத்தப்படுகிறது என்ற விளக்கம் வேறு.

இனி, முதல் இணை பற்றி. 1950 ஓகஸ்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதிய சுற்றுமடலில், மனித உடல் முன்பிருந்த உயிரினங்களிலிருந்து தோன்றியதா என்பதை வல்லுநர்கள் ஆராயத் தடையில்லை என்றார். ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் காத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் ஒரே முதல் மனிதனுக்குப் பதிலாகப் பல முதல் மனிதர் இருந்தனர் என்று கொள்ளும் சுதந்திரம் கத்தோலிக்கருக்கு இல்லை என்றார். அதைச் சென்மப் பாவத்தின் போதனையோடு எப்படி இணைப்பது என்பது தெரியவில்லை என்பதே அவர் தந்த காரணம். ஒருபோதும் இணைக்க முடியாது என்று அவர் எழுதவில்லை. 1950களில் ஒரே இணை என்ற கருத்தை ஆதரித்து வாதிட்ட கார்ல் ரானர் என்ற இயேசுசபை இறையியலாளர், 1960களின் பிற்பகுதியில் தம் நிலையை மாற்றி, பலரிலிருந்து மனிதகுலம் தோன்றியிருந்தாலும் இந்தப் போதனை நிற்கும் என்று எழுதினார். 1996 ஒக்டோபரில் இரண்டாம் யோவான் பவுல், கூர்ப்புக் கொள்கை (பரிணாமக் கொள்கை) வெறும் கருதுகோளுக்கும் மேற்பட்டது என்று திருப்பீட அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 2004 இல் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு வெளியிட்ட ஏடு, ஏறத்தாழ 150,000 ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் பொதுவான மரபுவழி கொண்ட ஒரு கூட்டத்திலிருந்து மனித இனம் தோன்றியதற்கான சான்றுகள் வலுவானவை என்று ஏற்றுக்கொண்டது. நீங்கள் வெள்ளிக்கிழமை கற்பித்ததில் திருச்சபைக்கு எதிரானது எதுவும் இல்லை.

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எதைக் கற்பிப்பது? என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். முகமாலைப் பக்கம் போர் முடிந்து பல ஆண்டுகள் மிதிவெடி அகற்றினார்கள். 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளை அந்த வெடிகளை விதைக்கவில்லை. விதைத்தவர் யார் என்றும் அதற்குத் தெரியாது. ஆனாலும் அது பிறந்த நாளிலேயே அதன் காணியில் அது கால்வைக்கக்கூடாத இடங்கள் இருந்தன. யாரோ தெரிந்து செய்த செயலின் விளைவு, செய்யாதவரின் நிலையாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, அவர்கள் அதன் நடுவில் வளர்ந்தவர்கள். இந்த உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. வெடி மண்ணில்தான் இருக்கிறது. பாவமோ நம் சித்தத்துக்குள்ளேயே இருக்கிறது. நல்லது இன்னதென்று தெரிந்தும் அதைச் செய்ய மனம் சாயாத நிலை, வெளியிலிருந்து கற்றுக்கொள்வதற்கு முன்பே நம்மிடம் இருக்கிறது. அந்த எல்லையைச் சொல்லாமல் விட்டால் பெலாஜியுஸிடமே போய்ச் சேர்வோம்.

பண்டாரிகுளம் எழுதியது:

மேலே எழுதிய சகோதரரின் உழைப்பை மதிக்கிறேன். நான் வவுனியாவில் சீர்திருத்தத் திருச்சபை ஒன்றைச் சேர்ந்தவன். எங்கள் சபையில் கூர்ப்பை அடியோடு மறுப்போர் பலர். நான் அப்படி வளர்ந்து, பிறகு பூமியின் வயதையும் உயிர்ச்சுவடுகளையும் ஏற்றுக்கொண்டவன். ஆனாலும் அவர்களுடைய அச்சத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன். சகோதரரின் பதில் அந்த அச்சத்தைத் தொடாமலே போய்விட்டது.

ரோமர் 5 ஆம் அதிகாரத்தில் பவுல் 'ஒரே மனுஷன்' என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஒருவனால் மரணம், ஒருவரால் ஜீவன். இரண்டாவது 'ஒருவர்' பொந்தியு பிலாத்துவின் நாட்களில் சிலுவையில் அறையுண்டவர். அவர் உருவகம் அல்ல. முதலாவது 'ஒருவன்' வெறும் உருவகம் என்றால் பவுலின் தராசில் ஒரு தட்டு காலியாகிவிடும். லூக்கா இயேசுவின் வம்சவரலாற்றை ஆதாம் வரைக்கும் எழுதியிருப்பதையும் எளிதில் ஒதுக்க முடியாது.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை எனக்கு உணர்த்தியவர் எங்கள் அயலிலுள்ள ஒரு சைவப் பெரியவர். சித்தாந்தம் படித்தவர். ஆணவ மலம், அதாவது உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு, தொடக்கமில்லாத அநாதி என்று அவர் விளக்கினார்: நெல்லுக்கு உமி எப்போது வந்தது, செம்புக்குக் களிம்பு எப்போது வந்தது என்று கேட்க முடியாததுபோல, உயிர் உள்ள அன்றே ஆணவமும் உண்டு. "உங்களுடைய ஆதிப்பாவமும் இதுதானே?" என்று கேட்டார். இல்லை என்றேன், ஏன் இல்லை என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. சைவத்தில் உயிரும் மலமும் இறைவனால் படைக்கப்பட்டவை அல்ல, ஆகவே மலத்துக்கு இறைவன் பொறுப்பல்ல. நம் விசுவாசத்திலோ எல்லாம் தேவன் படைத்தவை, அவை மிகவும் நன்றாயிருந்தன. ஆகவே தீமைக்கு ஒரு தொடக்கம் இருந்தாக வேண்டும். அது மனுஷனுடைய சித்தத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். அந்த நிகழ்ச்சியை எடுத்துவிட்டு, கூர்ப்பின் போக்கிலேயே மனிதன் பாவியாக வெளிப்பட்டான் என்று சொன்னால், களிம்போடு செம்பைச் செய்தவர் தேவனே என்றாகிவிடும். ஏதேனின் வீழ்ச்சியை உண்மை நிகழ்ச்சி என்று நாங்கள் பற்றிக்கொள்வதற்கு வேதத்தின் எழுத்து மட்டுமே காரணம் அல்ல, தேவனுடைய நன்மை குறித்த கவலையும் காரணம்.

ஆகவே மாணவிக்கு இன்னொரு வழியையும் காட்டுங்கள். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த காலத்தில் தேவன் அவர்களில் ஓர் இணையைத் தெரிந்தெடுத்துத் தம் சாயலைக் கொடுத்தார், அவர்கள் மனுக்குலத்தின் தலைவர்களாக நின்று விழுந்தார்கள், அவர்களுடைய சந்ததி மற்றவர்களோடு கலந்து உலகெங்கும் பரவியது என்று சிலர் விளக்குகிறார்கள். இது அறிவியலோடு மோதவில்லை. இன்று வாழும் எல்லா மனிதருக்கும் பொதுவான மூதாதையர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புகூட இருந்திருக்கலாம் என்று கணித அடிப்படையிலான ஆய்வொன்று 2004 இல் வெளிவந்தது. காயீன் தன்னைக் காண்பவர் கொன்றுவிடுவார்களே என்று பயந்தான், மனைவியைக் கொண்டிருந்தான், பட்டணம் கட்டினான். ஏதேனுக்கு வெளியே ஆட்கள் இருந்தார்கள் என்ற எண்ணத்துக்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது.

பாலைநிழல் எழுதியது:

விலங்கியல் படித்தவள் என்ற முறையில் சில திருத்தங்களோடு தொடங்குகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இணையத்தில் தேடினால் 'இழைமணி ஏவாள்' என்ற பெயரைக் கண்டு, விஞ்ஞானமே ஏவாளை நிரூபித்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். கலத்துக்குள் இருக்கும் இழைமணி என்ற நுண்ணுறுப்பின் டீ.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருவதால், தாய்வழியில் பின்னோக்கிச் சென்றால் ஒரு பெண்ணில் முடியும். அவர் காலத்தில் பல்லாயிரம் பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய தாய்வழி மட்டும் எங்கோ ஒரு தலைமுறையில் மகள் இல்லாமல் அறுந்துபோனது. தந்தைவழியில் தேடி அடையும் ஆணும் அவருக்குக் கணவர் அல்லர். ஆபிரிக்காவுக்கு வெளியே குடியேறியவர்களின் வழிவந்த நம் போன்றவர்களிடம் அழிந்துபோன இன்னொரு மனித வகையான நியண்டர்தால் மனிதரின் மரபும் ஏறத்தாழ 2 வீதம் கலந்திருக்கிறது. இந்தத் துறைக்கு வழி திறந்த ஸ்வாந்தே பேபோவுக்கு 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது.

பண்டாரிகுளம் ஐயா சொன்ன 2004 ஆம் ஆண்டு ஆய்வு உண்மையானது. ஆனால் அது வம்சாவளியைப் பற்றியது, பரம்பரையலகுகளைப் பற்றியது அன்று. ஒருவர் நம் எல்லாருக்கும் மூதாதையாக இருந்தும், அவருடைய டீ.என்.ஏ. நம்மில் ஒரு துணுக்கும் இல்லாதிருக்கலாம். அந்த அளவில் அவர் சொல்லும் இணையை விஞ்ஞானத்தால் மறுக்க முடியாது, நிறுவவும் முடியாது. என் தயக்கம் வேறு. தெரிந்தெடுக்கப்பட்ட இணைக்கு வெளியே நின்றவர்கள் யார்? அவர்களும் கருவி செய்தார்கள், இறந்தவரைப் புதைத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்தார்கள். அவர்களிடம் இறைசாயல் இல்லை என்று சொல்ல என் நா எழவில்லை. உருவத்தில் நம்மைப் போன்றவர்களை முழு மனிதராக எண்ணாத சிந்தனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஐயா அந்த நோக்கில் எழுதவில்லை என்பதை அறிவேன். ஆனால் அந்த விளக்கத்தை வகுப்பில் வைக்கும்போது இந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

பாவத்துக்கு முன் சாவு இருந்ததா என்பதை யாரும் தொடவில்லை. இருந்தது, பல கோடி ஆண்டுகளாக இருந்தது. இதற்காக நாம் பதற வேண்டியதில்லை. மனிதனின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறவில்லை என்றும், இன்று ஊன் உண்ணும் மிருகங்கள் வீழ்ச்சிக்கு முன் புல் தின்றன என்பது பொருந்தாது என்றும் 13 ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினா எழுதிவிட்டார். அவர் எந்த உயிர்ச்சுவட்டையும் ஆராய்ந்தவர் அல்லர்.

இங்கே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் காடுகளில் திரியும் சாம்பல் மந்திகளின் இனத்தை இந்தியாவில் நெடுங்காலம் கவனித்தவர்கள், புதிதாகக் கூட்டத்தைக் கைப்பற்றும் கடுவன் அங்குள்ள குட்டிகளைக் கொல்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதை நாம் கொலை என்று சொல்வதில்லை. அந்தக் கடுவனை யாரும் பாவி என்பதில்லை. அதே செயலை மனிதன் செய்தால் நெஞ்சு பதறுகிறது. நாம் விலங்குகளிடமிருந்து பெற்றது பசியும் அச்சமும் மூர்க்கமும், அவற்றோடு பாசமும் ஒத்துழைப்பும்தான், பாவத்தைப் பெறவில்லை. 'இப்படிச் செய்யாமல் இருக்கலாம்' என்று ஓர் உயிர் முதன்முதலில் உணர்ந்து, உணர்ந்தபின்னும் செய்தபோதே பாவம் தொடங்கியிருக்க முடியும். அது ஓர் இணையிடமா ஒரு கூட்டத்திடமா என்பதை எந்த எலும்பும் காட்டாது. ஆனால் தொடக்கம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதில் பண்டாரிகுளம் ஐயாவோடு உடன்படுகிறேன்; செம்பு களிம்போடு செய்யப்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை இரனேயு, ஆதாமும் ஏவாளும் நிறைவானவர்களாக அல்ல, வளர வேண்டிய குழந்தைகளாகப் படைக்கப்பட்டார்கள் என்று எழுதினார். கூர்ப்பைக் கற்ற எனக்கு அகுஸ்தீனைவிட அவரே நெருக்கமாக இருக்கிறார்.

மாத்தளன்கரை எழுதியது:

நான் படித்தவள் அல்லேன். என் மகள் இதை வாசித்துக் காட்டினாள். நான் சொல்வதை அவளே எழுதித் தருகிறாள்.

2009 ஆம் ஆண்டு ஏப்ரலில் எனக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்து ஒரு நாள் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஆபத்து வேளையில் யாரும் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம் என்று சிறுவயதில் படித்திருந்தேன்; அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. கடற்கரை மணலில் வைத்து மூடிவிட்டு வந்தோம். பின்னர் முகாமில் ஒரு மூதாட்டி, சென்மப் பாவத்தோடு போன பிள்ளை மோட்சம் காணாது என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தனக்குப் படிப்பித்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நான் மடு மாதா கோவிலுக்குப் போகவில்லை. மாதாவின் கையில் பிள்ளையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஆதாம் ஒருவரா பலரா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆசிரியர் தம்பி அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொன்னாலும், ஒரு நாள் வயதுக் குழந்தையைக் கடவுள் குற்றவாளியாகப் பார்த்தார் என்று மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மடுவீதி எழுதியது:

அம்மா, மேலே நான் எழுதியதில் நூல்களையும் ஆண்டுகளையும் அடுக்கினேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு மிக இலேசான தண்டனையாவது உண்டு என்று அகுஸ்தீன் எண்ணினார். பிற்காலத்தவரால் அதைத் தாங்க முடியவில்லை. துன்பமே இல்லாத 'லிம்போ' என்ற இடத்தை இறையியலாளர் வகுத்தார்கள். அந்த மூதாட்டி கேட்டு வளர்ந்தது அதுவே. அது ஒருபோதும் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்படவில்லை. 1992 ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், சிறுபிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று சொன்னவரின் இரக்கத்திடமே இக்குழந்தைகளை ஒப்படைக்கிறது. 2007 இல் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு இதைப் பற்றியே ஓர் ஏடு வெளியிட்டு, இவர்கள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. 'நம்புவதற்கு' என்றுதான் எழுதியது, 'அறிவோம்' என்று எழுதவில்லை. அந்த வேறுபாட்டை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் நான் அந்த நம்பிக்கையில் எந்தத் தயக்கமும் இல்லாமல் நிற்கிறேன்.

இந்தப் போதனை குழந்தைகள் மீது குற்றம் சாட்டுவதற்காக எழுந்தது அன்று. எல்லாருக்கும் மீட்பர் தேவை, அந்த மீட்பர் எல்லாருக்காகவும் வந்தார் என்ற நற்செய்தியின் மறுபக்கமாகவே அது போதிக்கப்படுகிறது. உங்கள் மகனும் அந்த 'எல்லாரில்' ஒருவன், அம்மா.

கனகராயன்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பு நடந்தது. என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டியது என் கடமை.

வெள்ளிக்கிழமை சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தை நான் பிழையாகக் கற்பித்துவந்தேன் என்றும், பாவம் இரத்தத்தில் ஓடும் நோய்போல ஓர் இணையிடமிருந்து வந்தது என்று சொன்னது திருச்சபையின் போதனையைவிட என் பழைய குறிப்புப் புத்தகத்துக்கே நெருக்கமானது என்றும் ஒப்புக்கொண்டேன். தொடக்க நூல் 3 ஆம் அதிகாரம் உருவக மொழியில் பேசுகிறது, ஆனால் மனித வரலாற்றின் தொடக்கத்தில் உண்மையாகவே நடந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறது என்பதே நம் மறைக்கல்வி நூலின் நிலை என்று விளக்கினேன். அது எத்தனை பேரிடம் நடந்தது என்பதில் கிறிஸ்தவர்களிடையே இன்னும் ஒருமித்த விடை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. முகமாலை உவமையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. அங்கே காணி உள்ள பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். மந்தியின் கதையையும் சொன்னேன்.

அந்த மாணவி முழுத் திருப்தி அடையவில்லை. பாவம் ஒரு கூட்டத்தில் தொடங்கியது என்றால், அந்தக் கூட்டத்தில் ஒருவராவது மறுத்திருக்க மாட்டாரா, அவருடைய பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டார். பண்டாரிகுளம் ஐயா 'ஒருவன்' என்ற சொல்லை விடாமல் பிடித்திருப்பதன் பொருள் எனக்கு அப்போது இன்னும் நன்றாகப் புரிந்தது. இந்தக் கேள்விக்கு உங்களில் யாருக்காவது மறுமொழி இருந்தால் எழுதுங்கள், நானும் தேடுகிறேன். இதுவரை அரை மணித்தியாலத்தில் முடித்துவந்த இந்தப் பாடத்துக்கு மூன்று ஞாயிறுகள் வேண்டும் என்று பங்குச் சுவாமியிடம் கேட்டேன், தந்துவிட்டார்.

மாத்தளன்கரை அம்மாவுக்கு: ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் பற்றி என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எனக்குக் கற்பித்தவரிடமிருந்து எழுதிக்கொண்ட வரி அது. அதை அடித்துவிட்டேன்; அடித்த காரணத்தையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.